ஹிப்ஹாப் தமிழா

ஹிப்ஹாப் தமிழா என்பது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி (ஆதித்யா வெங்கடபதி), ஜீவா ஆகிய இருவரைக் கொண்ட தமிழ் இசைக்குழு ஆகும். சொல்லிசையை அடிப்படையாகக் கொண்ட பாடல்களைத் திரைப்படத் துறையின் துணையின்றி இணையத்தில் வெளியிட்டு இக்குழு 2011 ஆம் ஆண்டளவில் அறியப்படத் தொடங்கியது. 2012 இல் ஹிப்ஹாப் தமிழன் என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2015 இல் ஆம்பள திரைப்படத்தின் மூலம் திரையிசை அமைப்பாளர்களாக அறிமுகமான இவர்கள், அதே ஆண்டில் இன்று நேற்று நாளை, தனி ஒருவன் ஆகிய படங்களுக்கும் இசையமைத்தனர். ஆதி பின்னர் நடிகராகவும் இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார்.

ஊடகங்களில் ஹிப்ஹாப் தமிழா என்பது பெரும்பாலும் ஆதியின் பட்டப்பெயர் போலவே கையாளப்படுகிறது. பாடுபவரும் மேடையில் தோன்றுபவரும் திரையில் நடிப்பவரும் அவரே என்பது இதற்குக் காரணம். எனினும் இப்பெயர் இருவருக்கும் உரியது. இசையமைப்பாளர் என்ற இடத்தில் திரைப்படங்களில் இடம்பெறுவதும் தனியொருவரின் பெயரன்று, குழுவின் பெயரே.

பின்னணி

தமிழில் சொல்லிசை இக்குழுவுடன் தொடங்கியதன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் உருவான ஹிப்ஹாப் பண்பாடு தமிழகத்தை வந்தடைந்தது திரைப்படம் வழியாகவே. 1994 இல் வெளியான காதலன் படத்தில் ஏ. ஆர். ரகுமான் அமைத்த பேட்டை ராப் பாடல் பெரும்பாலான தமிழர்களுக்கு இவ்வகையின் முதல் அறிமுகமாக இருந்தது. ஆனால் அதனைத் தனித்த ஓர் இசை வகையாக வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். பொயட்டிக் அம்மோ என்ற பன்மொழிக் குழுவில் இருந்த யோகி பி, பின்னர் நட்சத்ரா குழுவினருடன் இணைந்து 2006 இல் வல்லவன் என்ற தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் இளையராசாவின் பழைய பாடலொன்றைத் தழுவி அமைந்த மடை திறந்து தமிழகக் கல்லூரி விடுதிகளில் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. 2007 இல் பொல்லாதவன் படத்தில் யோகி பியின் குரல் திரையிலும் ஒலித்தது.

ஆகவே ஹிப்ஹாப் தமிழன் தொகுப்பு "முதல் தமிழ் ஹிப்ஹாப் தொகுப்பு" என்று சில இடங்களில் குறிப்பிடப்படுவதை அப்படியே ஏற்க இயலாது. இந்தியாவில் உருவான முதல் முழுநீளத் தமிழ் ஹிப்ஹாப் தொகுப்பு என்ற அளவிலேயே அது விளம்பரப்படுத்தப்பட்டது. மலேசியத் தொகுப்பு அதற்கு ஆறு ஆண்டுகள் முந்தையது.

இசைக்குழு ஒன்று கோயம்புத்தூரிலிருந்து எழுந்தது என்பது ஒரு வகையில் புதுமையானது, மற்றொரு வகையில் பழமையானது. 1930களின் நடுப்பகுதி முதல் சில பத்தாண்டுகள் கோவை தமிழ்த் திரைப்பட உருவாக்கத்தின் ஒரு மையமாக இருந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி (1947) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. மலைக்கள்ளன் (1954) படத்தைத் தயாரித்த பட்சிராஜா ஸ்டுடியோவும் இவ்வூரில் இருந்ததே. பின்னர் இத்தொழில் சென்னைக் கோடம்பாக்கத்தில் குவிந்தது. அதன்பின் இசையில் பெயர் எடுக்க விரும்பும் கொங்கு நாட்டு இளைஞர் எவரும் சென்னைக்குச் சென்று, இசையமைப்பாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, வாய்ப்புக்காகக் காத்திருப்பதே வழக்கமாயிற்று. நூற்பாலைகளையும் வார்ப்படத் தொழிலையும் பொறியியல் கல்லூரிகளையும் கொண்ட கோவையில் எல்லாம் இருந்தன. இசை வெளியீட்டுத் தொழில் மட்டும் இல்லை.

இந்நிலையை மாற்றியது கணினி. 2000களின் இறுதியில் ஓரளவு நல்ல கணினி ஒன்றும், ஒலிவாங்கி ஒன்றும், இசைக்கோப்பு மென்பொருள் ஒன்றும் இருந்தால் வீட்டு அறையிலேயே பாடலைப் பதிவுசெய்ய முடிந்தது. அகலப்பட்டை இணைப்பும் யூடியூபும் அதனைக் கேட்பவரிடம் கொண்டுசேர்த்தன. சொல்லிசைக்கு வாத்தியக் குழுவோ பெரிய ஒலிப்பதிவுக் கூடமோ தேவையில்லை என்பதால், இவ்வசதியை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் சொல்லிசைஞர்கள் இருந்தது இயல்பே.

தொடக்கம்

ஆதி 1990 பெப்ரவரி 20 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். பொறியியல் படித்த இவர், மாணவராக இருந்த காலத்திலேயே சொல்லிசைப் பாடல்களை எழுதி இணையத்தில் பதிவேற்றி வந்தார். ஹிப்ஹாப் தமிழா என்பது அவ்வாறு பாடல்களை வெளியிடப் பயன்படுத்திய பெயரே. பிற்காலத்தில் அதுவே குழுவின் பெயராக நிலைத்தது.

2011 இல் கிளப்புல மப்புல என்ற பாடலை இவர் ஒரு பண்பலை வானொலி நிகழ்ச்சியில் பாடிய காணொளி இணையத்தில் மிக விரைவாகப் பரவியது. அதே ஆண்டு நவம்பரில் 3 படத்தின் கொலவெறிப் பாடல் உலகெங்கும் பரவியதை ஒப்பிட்டு நோக்கினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கொலவெறிக்குப் பின்னால் ஒரு திரைப்படமும், முன்னணி நடிகர் ஒருவரும், வெளியீட்டு நிறுவனம் ஒன்றும் இருந்தன. கோவை மாணவரின் பாடலுக்குப் பின்னால் அவை எவையும் இல்லை.

இப்பாடல் கண்டனத்தையும் பெற்றது. மது அருந்தி இரவு விடுதிகளுக்குச் செல்லும் நகரத்துப் பெண்களை இடித்துரைக்கும் தொனியில் அமைந்த இதனை, பண்பாட்டுக் காவல் என்ற பெயரில் பெண்களை இழிவுபடுத்துவது எனப் பலர் விமர்சித்தனர். அவ்விமர்சனம் நியாயமானதே. குழுவின் பிற்காலப் பாடல்களில் மொழியும் உழவும் கால்நடையும் பேசுபொருள்கள் ஆனபோதிலும், அறிமுகப் பாடலின் நிழல் நெடுநாள் தொடர்ந்தது.

ஹிப்ஹாப் தமிழன்

2012 ஆகஸ்டில் வெளியான இத்தொகுப்பு குழுவின் முதல் முறையான வெளியீடு ஆகும். ஏற்கனவே இணையத்தில் அறியப்பட்டிருந்த கிளப்புல மப்புல பாடலும் இதில் இடம்பெற்றது. தலைப்பிலேயே தமிழன் என்ற சொல்லை வைத்தது தற்செயலன்று. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பாடினால் கிடைக்கக்கூடிய பெருநகர வட்டத்தை விட்டு, தமிழ்வழியில் படித்து ஆங்கிலச் சூழலில் தயங்கி நிற்கும் மாணவரை நோக்கியே இப்பாடல்கள் பேசின. சிற்றூர்களிலிருந்து பொறியியல் கல்லூரிகளுக்கு முதல் தலைமுறையாக வந்துசேர்ந்த மாணவர்கள் நிறைந்த கொங்கு வட்டாரத்தில் இக்குரல் உடனே இனங்கண்டுகொள்ளப்பட்டது.

சொல்லிசையும் தமிழ் யாப்பும்

ஹிப்ஹாப் தமிழாவின் பாடல்களைப் புரிந்துகொள்ள, தமிழில் சொல்லிசை எழுதுவதில் உள்ள சிக்கலை அறிவது பயனுள்ளது.

சொல்லிசை பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டுகள் என்ற தாளத்தில் அமைகிறது. அடியின் இறுதிச் சொற்கள் ஒலியால் ஒன்றுபடுவதே அதன் உயிர்நாடி. இதனைத் தமிழ் யாப்பிலக்கணம் இயைபு என்கிறது. ஆனால் தமிழ்ச் செய்யுள் மரபு இயைபை விட, முதலெழுத்து ஒன்றிவரும் மோனையையும், இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையையுமே பெரிதும் போற்றி வந்துள்ளது. அதற்கு ஒரு காரணமும் கூறலாம். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால் ஆடினோம், ஓடினோம், தேடினோம் என இயைபு எவ்வித முயற்சியும் இன்றி அமைந்துவிடும். எளிதில் கிடைப்பது விரைவில் சலித்துவிடும். ஆங்கிலத்தில் அரிதாகக் கிடைப்பதால் வியப்பூட்டும் இறுதியொலி, தமிழில் பாடத்தை ஒப்புவிப்பது போல் ஒலிக்கும் இடர் உண்டு.

இதனைத் தவிர்க்கத் தமிழ்ச் சொல்லிசைஞர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, வினையை முன்னே இழுத்து வாக்கியத்தைப் பெயர்ச்சொல்லில் முடிப்பது. பேச்சுத் தமிழ் இதற்கு இடம் தருகிறது. மற்றொன்று, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேற்றுமை உருபை ஏற்றித் தமிழ்ச் சொல்லோடு இணைப்பது. கிளப்புல மப்புல என்ற தலைப்பே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓர் ஆங்கிலச் சொல்லும் ஒரு வழக்குச் சொல்லும் ஒரே உருபை ஏற்று, இயைபு அமைய நிற்கின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு தமிழில் திட்டவட்டமாக இருப்பதால், தட்டுகளுக்கு இடையே அசைகளை நெருக்கியும் தளர்த்தியும் அடுக்குவது வசதியானது. வேகமாகச் சொல்லும்போது குறில்கள் தாளக்கருவி போலவே ஒலிக்கும். வள்ளி கும்மியும் ஒயில் கும்மியும் ஆடப்படும் கொங்கு நாட்டுக்கு, தாளத்தின்மீது சொற்களை அடுக்கும் கலை அந்நியமானதன்று. ஆயினும் இக்குழுவின் இசை நேரடியாக அவற்றிலிருந்து பிறந்தது எனக் கூற இயலாது.

பாடல்களின் மொழி பெரும்பாலும் பொதுவான நகர்ப்புறப் பேச்சுத் தமிழே. "ஏனுங்க" என விளிக்கும் கொங்கு வட்டார வழக்கு, கோவைக் குழு ஒன்றிடம் எதிர்பார்க்கும் அளவுக்கு அவற்றில் இல்லை. தமிழகம் முழுவதையும் சென்றடைய விரும்பியதன் விலை இது எனலாம்.

திரையிசை

தனியிசையில் பெற்ற புகழ் முதலில் பாடகர் வாய்ப்புகளாக மாறியது. அனிருத் இசையமைத்த எதிர்நீச்சல் (2013) படத்தின் தலைப்புப் பாடலில் பஞ்சாபிச் சொல்லிசைஞர் யோ யோ ஹனி சிங்குடன் ஆதி பாடினார். வணக்கம் சென்னை (2013), கத்தி (2014) ஆகிய படங்களிலும் அனிருத்தின் இசையில் அவரது குரல் இடம்பெற்றது.

இசையமைப்பாளர்களாக முதல் வாய்ப்பை வழங்கியவர் இயக்குநர் சுந்தர் சி. விசால் நடிப்பில் அவர் இயக்கிய ஆம்பள 2015 பொங்கலுக்கு வெளியானது. பழகிக்கலாம் உள்ளிட்ட அதன் பாடல்கள் பரவலாகக் கேட்கப்பட்டன. அதே ஆண்டு சூனில் வெளியான காலப்பயணக் கதையான இன்று நேற்று நாளை படத்தில், சங்கர் மகாதேவன் பாடிய காதலே காதலே பாடல், இக்குழுவால் சொல்லிசைக்கு வெளியே மெல்லிசையும் அமைக்க முடியும் எனக் காட்டியது.

இருப்பினும் இவர்களது திரைப் பயணத்தைத் தீர்மானித்தது 2015 ஆகஸ்டு 28 அன்று வெளியான தனி ஒருவன். மோகன் ராஜா இயக்கத்தில் செயம் ரவியும் அரவிந்த்சாமியும் நடித்த இப்படத்தில், எதிர்நாயகனுக்கென அமைக்கப்பட்ட தீமைதான் வெல்லும் என்ற பாடல் கதாநாயகனின் பாடல்களை விடவும் பேசப்பட்டது. நன்மையைப் போற்றும் பாடல்களையே கேட்டுப் பழகிய செவிகளுக்கு, தீமை தன் தரப்பைத் தானே அமைதியாக எடுத்துரைப்பது புதிதாக இருந்தது. தன்னைத் தானே முன்னிறுத்திப் பேசுவது சொல்லிசையின் இயல்பு. அவ்வியல்பு ஒரு பாத்திரத்தின் தேவையோடு இவ்வளவு பொருந்தி வந்த திரைப்பாடல்கள் குறைவு. இப்படத்தின் தெலுங்கு மறுஆக்கமான துருவா (2016) படத்திற்கும் இக்குழுவே இசையமைத்தது.

அடுத்த ஆண்டுகளில் கதகளி, அரண்மனை 2, கத்தி சண்டை (மூன்றும் 2016), கவண் (2017), இமைக்கா நொடிகள் (2018), மிஸ்டர் லோக்கல், கோமாளி, ஆக்சன் (மூன்றும் 2019) எனப் படங்கள் தொடர்ந்தன. தெலுங்கில் கிருஷ்ணார்ஜுன யுத்தம் (2018) குறிப்பிடத்தக்கது. இமைக்கா நொடிகளின் நீயும் நானும் அன்பே, விளம்பர இடைவெளி ஆகிய பாடல்கள் சொல்லிசையே இல்லாத வெற்றிகள். படங்களின் எண்ணிக்கை கூடியபோது இசையின் தனித்தன்மை குறைந்தது என்ற கருத்தும் விமர்சகர்களிடையே உண்டு. ஆண்டுக்கு மூன்று, நான்கு படங்கள் என்ற ஓட்டத்தில் எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தில் அமையவில்லை என்பது உண்மையே.

டக்கரு டக்கரும் ஏறுதழுவல் போராட்டமும்

திரைப்படங்களில் ஈடுபட்டபோதும் குழு தனியிசையைக் கைவிடவில்லை. அவற்றுள் பெரும் விளைவை ஏற்படுத்தியது டக்கரு டக்கரு. ஏறுதழுவலுக்கு 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் நாட்டு மாட்டினங்கள் அழியும் என்பதை வலியுறுத்திய இப்பாடல், 2017 சனவரிப் போராட்டத்திற்கு முன்பே வெளியாகியிருந்தது. போராட்டம் தொடங்கியபோது மாணவர்களிடையே அது ஒரு முழக்கப் பாடலாகவே ஆகிவிட்டது.

கொங்கு நாட்டில் ஏறுதழுவலை விட ரேக்ளா எனப்படும் மாட்டுவண்டிப் பந்தயமே பரவலான வழக்கம். இங்கு இச்சிக்கல் விளையாட்டைத் தாண்டியது. காங்கேயம் மாடு இப்பகுதியின் அடையாளம். உழவு இயந்திரங்களும் கலப்பினப் பசுக்களும் வந்தபின் காங்கேயம் காளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பந்தயமும் இல்லையெனில் காளையை வளர்க்க உழவருக்குக் காரணமே இராது என்பதே போராடியவர்களின் வாதம்.

கோவை வ. உ. சி. மைதானத்தில் திரண்ட போராட்டத்தில் ஆதியும் பங்கேற்றார். சனவரி 21 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. நிரந்தரச் சட்டம் வேண்டும் எனப் போராட்டம் தொடர்ந்த நிலையில், மறுநாள் ஆதி வெளியிட்ட காணொளியில் போராட்டம் அதன் நோக்கத்தைத் தாண்டி வேறு திசைகளில் செல்வதாகவும், அதில் தமக்கு உடன்பாடு இல்லை எனவும் கூறி விலகிக்கொண்டார். சனவரி 23 அன்று சென்னை மெரினாவிலும் பிற இடங்களிலும் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது, வன்முறை ஏற்பட்டது. அன்றே சட்டமன்றத்தில் சட்டமுன்வரைவு நிறைவேறியது.

இவ்விலகல் அவருக்கு எதிராகக் கடும் கண்டனத்தை எழுப்பியது. போராட்டம் மீதான நடவடிக்கைக்கு அது முன்கூட்டியே நியாயம் கற்பித்துவிட்டது என ஒரு சாராரும், இளைஞர்கள் வன்முறையில் சிக்காமல் இருக்க எச்சரித்தது சரியே என மற்றொரு சாராரும் கூறினர். எவ்வாறாயினும், தலைவர் எவரும் இல்லை எனப் பெருமைப்பட்ட ஓர் இயக்கத்தில், பாடலொன்றை எழுதியவர் எந்த அளவுக்குத் தலைவராகக் கருதப்பட்டார் என்பதை இந்நிகழ்வு காட்டியது. தமிழக அரசின் சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது.

திரைப்பட நடிப்பும் இயக்கமும்

2017 சூலை 21 அன்று வெளியான மீசைய முறுக்கு படத்தை எழுதி இயக்கி, அதில் நாயகனாகவும் ஆதி அறிமுகமானார். தயாரித்தவர் சுந்தர் சி. பொறியியல் மாணவர் ஒருவர் இசைக்காகப் போராடும் இக்கதை பெருமளவு ஆதியின் சொந்த வாழ்க்கையைத் தழுவியது. தமிழ்ப் பற்று கொண்ட தந்தையாக விவேக் நடித்தார். நண்பர் ஜீவாவின் பாத்திரத்தை விக்னேஷ்காந்த் ஏற்றார். சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட இப்படம் வணிக அளவில் வெற்றி பெற்றது.

அதன்பின் வளைகோல் பந்தாட்டத்தை மையமாகக் கொண்ட நட்பே துணை (2019), நான் சிரித்தால் (2020), காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குடும்பத்தைப் பற்றிய சிவகுமாரின் சபதம் (2021), இணையவழி வெளியான அன்பறிவு (2022) ஆகியவற்றில் நடித்தார். இவற்றுள் சிவகுமாரின் சபதத்தை இயக்கியதும் ஆதியே. வீரன் (2023) சிற்றூர் ஒன்றின் காவல் தெய்வத்தையும் மீநாயகக் கதையையும் இணைத்தது. பள்ளி விளையாட்டு ஆசிரியராக அவர் நடித்த பி. டி. சார் (2024) பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைக் கருவாகக் கொண்டது. முதற்பாடலுக்கு எழுந்த கண்டனத்தை நினைவில் கொண்டவர்களுக்கு இத்தேர்வு கவனிக்கத்தக்கதாக இருந்தது. 2024 செப்டம்பர் 20 அன்று வெளியான கடைசி உலகப் போர் படத்தை எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தார். எதிர்காலத்தில் சென்னை போர்க்களமாவதைக் காட்டும் இம்முயற்சி, கருத்தளவில் துணிச்சலானது. திரைக்கதையில் அத்துணிச்சல் சீராகத் தொடரவில்லை.

தமிழி, பிற பணிகள்

2019 இல் தமிழ் எழுத்துகளின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராயும் தமிழி என்ற ஆவணத் தொடரைக் குழு தயாரித்து யூடியூபில் கட்டணமின்றி வெளியிட்டது. தமிழி என்பது தமிழ்ப் பிராமி எனவும் அழைக்கப்படும் தொன்மையான வரிவடிவத்தின் பெயர். அவ்வெழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்த கொடுமணல், ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ளது. கோயம்புத்தூரைக் கடந்து ஓடுவதும் அதே ஆறுதான். திரைப்பாடல்களின் வருவாயைக் கொண்டு கல்வெட்டியல் தொடரொன்றை எடுத்த இசைக்குழு தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே. இக்குழுவின் பணிகளில் மாணவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கத் தக்கது இது.

2020 இல் நா ஒரு ஏலியன் என்ற தனியிசைத் தொகுப்பு வெளியானது. 2023 இல் ஆதி இசைத் தொழில்முனைவு தொடர்பான ஆய்வுக்காகக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தாக்கம்

ஹிப்ஹாப் தமிழாவுக்குப் பின் தமிழ்ச் சொல்லிசை பல கிளைகளாகப் பிரிந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் உருவாகி 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் சொல்லிசையையும் சாதி எதிர்ப்புக் குரலாக்கியது. அதில் பாடிய அறிவு, பின்னர் பாடகி தீயுடன் இணைந்து 2021 இல் வழங்கிய என்ஜாய் எஞ்சாமி உலகெங்கும் கேட்கப்பட்டது. தமிழ்ப் பெருமிதத்தை ஒருமைப்பட்ட குரலில் பேசிய கோவைக் குழுவுக்கும், அப்பெருமிதத்திற்குள் யார் யாருக்கு இடமுண்டு எனக் கேட்ட சென்னைக் குழுவுக்கும் இடையே அரசியல் தொலைவு அதிகம். எனினும் திரைப்படம் இன்றித் தமிழ்ப் பாடலொன்று பெருந்திரளைச் சென்றடையும் என்பது 2018 இல் எவருக்கும் புதுச் செய்தியாக இருக்கவில்லை. 2011 இல் அது புதிது.

இதில் ஒரு முரணும் உண்டு. திரைத்துறைக்கு வெளியே நின்று வென்ற இக்குழு, அவ்வெற்றிக்குக் கிடைத்த பரிசாகத் திரைத்துறைக்குள்ளேயே சென்றது. தமிழகத்தில் தனியிசை மட்டும் கொண்டு ஓர் இசைக்குழு நிலைத்து வாழ்வதற்கான வருவாய் வழிகள் அன்று இருக்கவில்லை. பிரித்தானியாவில் ஒரு மாற்று ராக் குழு சிற்றரங்குகளில் வாரந்தோறும் இசைத்து, சிறு வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் துணையுடன் பெரிய அரங்குகளுக்கு உயர முடியும். கோவையிலோ சென்னையிலோ அத்தகைய படிக்கட்டு இல்லை. இணையத்துக்கு அடுத்த படி நேராகத் திரைப்படமே. ஹிப்ஹாப் தமிழா தனது திரைவருவாயைத் தமிழி போன்ற பணிகளுக்குத் திருப்பியது.

சுந்தர் சியுடனான கூட்டணி 2024 மே மாதம் வெளியான அரண்மனை 4 வரை தொடர்ந்து வந்தது. அப்படத்தின் அச்சச்சோ பாடல் அவ்வாண்டில் அதிகம் கேட்கப்பட்ட தமிழ்த் திரைப்பாடல்களுள் ஒன்றாக அமைந்தது.